பென்டிரைவில் கூடிப்போன ஒரு வரி

மேல்மலைப் போளூரிலிருந்து கொடைக்கானல் வரும் பேருந்தில், முன்சீட்டு அம்மாள் பக்கத்து வரிசையில் இருந்த மைக்செட்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏந்தம்பி, முளைப்பாரிக்குப் போயி பொய்ப் பாட்டையா போடுவீங்க?"

"பொய்யா? பென்டிரைவுங்க்கா. பாடுனவங்க பாடுனபடி வரும், ஒரு எழுத்துக் கொறையாது."

"கொறையலங்க, கூடிப்போச்சு! உங்க பழைய ரெக்கார்டுல ரெண்டாவது அடி முடிஞ்சதும் முள்ளு ஒரு குதி குதிக்கும். குதிச்சதும் நாங்க அத்தனை பேரும் திரும்பித் தட்டுவோம். இத்தனை வருசமா அதானே எங்க கும்மி? நேத்து குதிக்கவே இல்ல. நாங்க ஒரு பக்கம் போறோம், பாட்டு ஒரு பக்கம் போகுது. சம்பந்தியம்மா மேலயே முட்டிட்டேன்!"

"அது ரெக்கார்டுல விழுந்த கீறலுக்கா. அந்த எடத்துல ஒரு வரியே போயிருச்சு."

"அந்த வரி எங்களுக்கு எதுக்கு? யாரு கேட்டா?"

கொடைக்கானலில் இறங்கும்போது மைக்செட்காரர் மெதுவாகச் சொன்னார்.

"அந்த ரெக்கார்டையே பென்டிரைவுல ஏத்திர்றேங்க்கா. ஆனா ஏத்தித் தர்ற கம்ப்யூட்டர் கடைக்காரரு, சுத்தம் பண்றேன்னு கீறலை எடுத்துருவாரு."

"எடுத்தாருன்னா, அவரையே வந்து கும்மியடிக்கச் சொல்லுங்க!"