செல்வமேரி அக்கா வீட்டு பிரிட்ஜ் எங்கேயும் போகவில்லை

கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும், யாருக்காகவும் கூட்டாமல் குறைக்காமல், நடந்த வரிசையிலேயே எழுதுவேன் என்று உறுதி கூறித் தொடங்குகிறேன்.

என் பெயர் ஏ. சரசு. வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். தகப்பனார் ஏகநாதன், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறார். தாயார் தனக்கோடி. ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி சாலையிலிருந்து உள்ளே வரும் தெருவில், ஒரே கூரையின் கீழ் ஒட்டியிருக்கும் நான்கு வீடுகளில் ஒன்றில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். என் கையெழுத்து தெளிவாக இருப்பதால் நானே எழுதலாம் என்று ஏட்டு ஸ்ரீரங்கன் அவர்கள் அனுமதித்தபடி, 1996ஆம் வருடம் ஜூலை மாதம் ஞாயிற்றுக்கிழமையான இன்று, செல்வமேரி அக்கா வீட்டு முன்னறையில், அப்பா பக்கத்தில் இருக்க இதை எழுதுகிறேன்.

செல்வமேரி அக்கா எங்கள் அடுத்த வீடு. தாம்பரம் சானடோரியத்தில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் கணவர் சின்னப்பன் அண்ணன் வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். 1994ஆம் வருடம் பொங்கல் கழிந்து அவர்கள் மேற்குத் தாம்பரத்தில் உள்ள ஒரு தவணைக் கம்பெனி மூலம் மெரூன் நிறத்தில் ஒரு பிரிட்ஜ் வாங்கினார்கள். அது டெம்போவில் வந்து இறங்கியபோது எங்கள் வரிசையில் எல்லோரும் வெளியே வந்து நின்றோம். சின்னப்பன் அண்ணன் அன்று மாலை கதவைத் திறந்து திறந்து மூடிக் காட்டினார். உள்ளே மஞ்சள் விளக்கு எரிந்தது. அதற்கு முன் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு அந்த பிரிட்ஜ் நான்கு வீட்டுக்கும் பொதுவாயிற்று. மேல் தட்டில் மூன்றாவது வீட்டுக் கன்னியம்மா அக்காவின் பால், கதவுப் பக்கத்தில் கடைசி வீட்டுக் குப்புராஜ் அண்ணனின் சர்க்கரை வியாதி ஊசி மருந்து, கீழே காய்கறிப் பெட்டியின் கண்ணாடி மூடி மேல் எங்கள் மாவுத் தூக்கு. தினமும் காலையில் தூக்கை எடுத்து வருவது என் வேலை. வெயில் காலத்தில் அக்கா எல்லாப் பிள்ளைகளுக்கும் டம்ளரில் ரஸ்னா ஊற்றிக் குச்சி செருகி வைப்பார். எந்த டம்ளர் யாருடையது என்பதில் சண்டை வரும்.

அக்கா சம்பளம் வாங்கிய மறுநாளே தவணை கட்டப் போவார். பலமுறை நானும் கூடப் போயிருக்கிறேன். திரும்பும்போது ஸ்டேஷன் படிக்கட்டருகில் பழைய புத்தகக் கடையில் எனக்கு ஒரு புத்தகம் வாங்கித் தருவார். ஒருமுறை கம்பெனி மேனேஜர் பட்டாபிராமன் சாரிடம், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் சிரித்து, உங்கள் பள்ளிக்கூடம் மாதிரித்தான், மார்க் போடுவோம் என்றார். தேதி தவறாமல் கட்டினால் அதற்குத்தான் அதிக மார்க். ஒரே சமயத்தில் பல இடத்தில் கடன் கேட்டு அலைந்தாலும், அடிக்கடி வீடு மாறினாலும், யாருக்காவது ஜாமீன் போட்டு அந்த ஆள் ஏமாற்றினாலும் மார்க் குறையும். அக்கம்பக்கத்தார் சொல்வதற்கும் மார்க் உண்டு. இவ்வாறு விளக்கினார்.

"எங்கப்பா யார்கிட்டயும் கடனே வாங்கினதில்ல சார். அப்போ முழு மார்க்தானே?" என்று கேட்டேன்.

"உங்கப்பா பரீட்சையே எழுதலையேம்மா! எதைத் திருத்தி மார்க் போடறது?" என்றார். இதை நான் வீட்டில் சொன்னபோது அப்பா அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை.

கடந்த மே மாதம் பக்கத்துத் தெருவில் ரேஷன் கார்டு சோதனை நடந்தது. டிவி, பிரிட்ஜ் வைத்திருந்த சிலருடைய அரிசி கார்டு ரத்தாகிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு, கையில் பை வைத்துக்கொண்டு யார் விசாரிக்க வந்தாலும், எந்த வீட்டிலும் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட வேண்டும் என எங்கள் வரிசையில் பேசி வைத்தார்கள். ஒரு வீட்டைப் பற்றி அடுத்த வீட்டார்தான் சொல்ல வேண்டும், அப்போதுதான் நம்புவார்கள் என்றும் முடிவாயிற்று. பிரிட்ஜை ஒரு பழைய சேலையால் மூடினார்கள்.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை செல்வமேரி அக்காவும் அண்ணனும் சிங்கப்பெருமாள் கோவிலில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனார்கள். குப்புராஜ் அண்ணனுக்கு மாலை ஊசி மருந்து எடுக்க வேண்டியிருந்ததால் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். நான்கு மணிக்கு மேல், கையில் பையுடன் ஒருவர் வந்தார். அவர் பெயர் கேசவன் என்று பிறகு தெரிந்தது. கடன் கேட்டவருக்கு வெட்கமாக இருக்கும் என்பதால், எந்தக் கம்பெனி, எதற்காக என்று வெளியே சொல்லாமல்தான் விசாரிப்பார்களாம். அதன்படி அவரும், சின்னப்பன் குடும்பத்தைப் பற்றிச் சின்ன விசாரணை என்று மட்டும் சொன்னார். குழாயடியில் இருந்த கன்னியம்மா அக்கா எழுந்தார்.

"இன்னா சார் விசாரணை? அன்னாடங்காச்சிங்க சார் அதுங்க."

"ஆட்டோ வருமானம் எப்படிம்மா?"

"வருமானமா? பாதி நாளு ஸ்டாண்டுலயே தூங்கினு கீது அந்தாளு."

அம்மா வாசலுக்கு வந்து, "எங்க வீட்லதான் சார் அரிசி வாங்கிட்டுப் போகும் அந்தப் பொண்ணு, பாவம்" என்றார். அன்று காலையில் நாங்கள்தான் அவர்களிடம் சர்க்கரை வாங்கியிருந்தோம்.

குப்புராஜ் அண்ணனும் சேர்ந்துகொண்டு, "கடன் வேற சார், கழுத்து மட்டும். யாருக்கும் திருப்பித் தந்ததா சரித்திரமே இல்ல" என்றார்.

"வீட்ல பிரிட்ஜ் ஒண்ணு இருக்கணுமே?"

"பிரிட்ஜா!" என்று கன்னியம்மா அக்கா சிரித்தார். "பானை ஓட்டையாயி ஒரு மாசமாவுது, அத்த மாத்த வக்கில்ல. பிரிட்ஜாம், பிரிட்ஜ்!"

வந்தவர் முகம் வாடிவிட்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா உள்ளே போய் ஒரு சொம்பில் கொண்டு வந்தார். அது செல்வமேரி அக்காவின் பிரிட்ஜிலிருந்து மத்தியானம் நான் எடுத்து வந்த பாட்டில் தண்ணீர்.

"நல்லா சில்லுனு இருக்கும்மா" என்றார்.

"பானைத் தண்ணி சார்" என்றார் அம்மா.

இவ்வளவு நேரமும் சாவி என் கையில் இருந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் போன பிறகு நான் கதவைத் திறந்து, சேலையை விலக்கி, மருந்தை எடுத்துக் கொடுத்தேன். பிரிட்ஜ் அங்கே இருந்தது. எங்கள் தூக்கும் அதற்குள் இருந்தது.

அக்கா திரும்பி வந்ததும், அரிசி கார்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று எல்லோரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "அவரு ரேஷன் ஆபீசர் இல்லக்கா. தவணைக் கம்பெனியிலயே சொந்த ஆட்டோவுக்கு லோன் கேட்டிருந்தோம். அதுக்கு வந்தவரு" என்றார். கன்னியம்மா அக்கா, "பேஜாராப் பூட்ச்சே" என்று மெதுவாகச் சொன்னார்.

அதன் பிறகு ஆட்டோ கடன் மறுக்கப்பட்டது. தவணை முடியுமுன் பிரிட்ஜை விற்றோ அடகு வைத்தோ விட்டதாகக் கம்பெனி போலீசில் புகார் கொடுத்தது. போலீஸ் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும், நமக்கு எதற்கு வம்பு என்று, எங்கள் வீடு உட்பட எல்லோரும் தங்கள் பாத்திரங்களை பிரிட்ஜிலிருந்து எடுத்துப் போய்விட்டோம். அக்கா அதைக் கழுவித் துடைத்து வைத்தார்.

இன்று காலை ஏட்டு அவர்களும், பட்டாபிராமன் சாரும், கேசவன் சாரும் வந்து பிரிட்ஜைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லை. "குடும்பம் நடக்கிற வீட்டு பிரிட்ஜ் இப்படியா இருக்கும்? புகாருக்கு அப்புறம் மீட்டுக் கொண்டுவந்த மாதிரி இருக்கே" என்று மேனேஜர் கேட்டார். வரிசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிரிட்ஜ் அன்றைக்கும் இங்கேதான் இருந்தது என்று சொன்னால் பொய் வெளிவரும், கார்டும் போகும். சின்னப்பன் அண்ணன் சுவரைப் பார்த்து நின்றார். அப்போது செல்வமேரி அக்கா, "சரசு, நீ பாத்ததை எழுதிக் குடும்மா. கார்டு போனா போவட்டும்" என்றார். அப்பா தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

பிரிட்ஜ் இந்த அறையை விட்டு ஒரு நாளும் வெளியே போகவில்லை. காய்கறிப் பெட்டியின் கண்ணாடி மூடியில், எத்தனை கழுவினாலும் போகாத ஒரு வட்டக் கறை உண்டு. அது எங்கள் தூக்கின் அடிப்பாகம் இரண்டு வருடமாக ஒரே இடத்தில் இருந்ததால் படிந்தது. இதை நான் சொன்னதன் பேரில் ஏட்டு அவர்கள் தூக்கைக் கொண்டுவரச் சொன்னார். அம்மா கொண்டு வந்தார். அதில் நேற்று அரைத்த மாவு இருந்தது. ஏட்டு அவர்களே அதை வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது.

அம்மா தாழ்ந்த குரலில், "சார், அரிசி கார்டு..." என்றார். "அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லம்மா" என்றார் ஏட்டு.

பட்டாபிராமன் சார், புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், அக்கம்பக்கத்து மார்க்கை அடித்துவிட்டு வரும் வியாழக்கிழமை தானே வந்து கேட்டுப் புதிதாகப் போடுவதாகவும் சொன்னார். கேசவன் சார் அம்மாவைப் பார்த்து, "அன்னிக்கும் அதே பானைத் தண்ணி குடுங்கம்மா" என்றார். முதலில் சிரித்தது செல்வமேரி அக்காதான்.

மேலே எழுதியது முழுவதும் நான் அறிந்த உண்மை. யாரும் சொல்லிக் கொடுத்தோ பயமுறுத்தியோ எழுதவில்லை. ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டிவிட்டுக் கையொப்பமிடுகிறேன்.

ஏ. சரசு

பின்குறிப்பு: தூக்கை அம்மா திரும்ப எடுத்துப் போகவில்லை. கன்னியம்மா அக்கா பாலும், குப்புராஜ் அண்ணன் மருந்தும் கொண்டு வந்து பழைய இடத்தில் வைத்தார்கள். அதன் பிறகு செல்வமேரி அக்கா கதவைச் சாத்தினார். உள்ளே விளக்கு அணைந்தது.