சட்டைக்குள் ஒரு போன் நம்பர்

பெயர் நிர்மலா, வயது 34, தகப்பனார் பெயர் நல்லான், இருப்பு அவினாசி வட்டம், சேவூர். திருப்பூரில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் ஏழு வருடமாக ஆலோசகராக வேலை செய்து வருகிறேன். பனியன் கம்பெனி மேனேஜர் கதிர்வேல் அவர்கள், லேபிள் திருடியதாக டெய்லர் மூக்கம்மாள் மீது கொடுத்த புகார் பற்றி இன்று புதன்கிழமை போலீஸ் ஸ்டேஷனில் விசாரிக்கப்பட்டு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேற்படி கம்பெனிக்கு மாதம் இருமுறை போய், குடியை விட நினைப்பவர்கள் கூப்பிடுவதற்காக என் போன் நம்பர் அச்சடித்த அட்டை கொடுப்பேன். வாங்கியவர்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் கீழே போட்டுவிடுவார்கள். கையில் அட்டையைப் பார்த்தால் குடிகாரன் என்று பட்டம் கட்டிவிடுவார்களே என்ற பயம். ஒரு வருடத்தில் வந்த அழைப்பு நான்கு, அதில் ஒன்று ராங் நம்பர். குடியின் கேட்டை விளக்கப் பயிற்சியில் எனக்குக் கொடுத்த படப் புத்தகங்களும் மையத்து அலமாரியில் நிம்மதியாகத் தூங்குகின்றன.

அதன் பிறகு சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து அங்கே வேலை செய்யும் மூக்கம்மாள், "அட்டய யாரு வச்சிக்கிடுவா? சட்டக்குள்ள தச்சிருங்க, ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். எனக்கு இது தோன்றவில்லையே என்று கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. அதன் பிறகு, சட்டையின் உள்ளே துவைக்கும் முறை போட்டிருக்குமே, அந்த லேபிளின் அளவில் என் நம்பரையும் "பேசலாம், பெயர் சொல்ல வேண்டாம்" என்ற வரியையும் போட்டு, மையத்தின் சார்பில் வெளியில் 240 லேபிள் அடித்தேன். தொழிலாளர்கள் வேலையில் போடும் ஓவர்கோட்டுக்குள் மூக்கம்மாள் தைப்பதாகப் பேச்சு. மேனேஜரிடம் அனுமதி வாங்கவில்லை, அது என் தப்பு.

சென்ற வியாழக்கிழமை லேபிள் பெட்டியை மூக்கம்மாளின் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனேன். அன்று அவர் லீவு என்பது எனக்குத் தெரியாது. அவர் மிஷினில் உட்கார்ந்த ஒடிசாக்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. 240 லேபிளையும் வெளிநாட்டுக்குப் போகும் டீ சர்ட்டுகளில் வைத்து மிக நேர்த்தியாகத் தைத்துவிட்டார்.

செக்கிங்கில் தெரிந்ததும், சனிக்கிழமை தையல் லைனில் இருந்த அனைவரும் உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். நானும் பிரித்தேன். வசவு விழும் என்று நினைத்தேன், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. லேபிளைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். பிரித்ததைச் சேர்த்து ஒப்படைக்கும் பொறுப்பு மூக்கம்மாளுக்கு. மாலையில் எண்ணியபோது பெட்டியில் இருந்தவை பதினொன்று. பனியன் கம்பெனியில் ஒரு லேபிள் குறைந்தாலும், அதில் என்ன அச்சடித்திருந்தாலும், போலிச் சரக்கில் தைக்கப் போய்விட்டது என்றுதான் நினைப்பார்கள். ஆகவே கதிர்வேல் அவர்கள் மூக்கம்மாளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, அந்தப் பதினொன்றையும் இணைத்துப் புகார் கொடுத்தார்.

மூக்கம்மாள் எதையும் எடுக்கவில்லை. ஞாயிறு காலையிலிருந்து என் போனுக்கு முப்பத்தொரு பேர் பேசியிருக்கிறார்கள். சாப்பிட நேரமில்லை. இந்த ஏழு வருடத்தில் நான் இவ்வளவு சந்தோஷமாகப் பட்டினி கிடந்ததில்லை.

எடுத்தவர்கள் பெயரைச் சொன்னால் மூக்கம்மாளை விட்டுவிடலாம் என்று சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார். சிலர் பெயர் எனக்குத் தெரியும். என்னை நம்பிப் பேசியவர்கள் என்பதால் சொல்ல மாட்டேன். லேபிள் எங்கள் மையத்தின் பொருள், எடுத்துக்கொள்ளத்தான் அடித்தோம், ஆகவே இது திருட்டே அல்ல என்றேன்.

எதிரில் இருந்த கதிர்வேல் அவர்கள், "ஏனுங்க மேடம், நம்ம கம்பெனில முப்பத்தொரு பேருங்களா?" என்றார். "ஆமாங்க, விடோணும்னு நெனைக்கறவங்க முப்பத்தொரு பேருங்க" என்றேன். அதன் பிறகு அவர் புகாரை வாபஸ் வாங்கி எழுதிக் கொடுத்து, மூக்கம்மாளுக்குத் தாமே போன் செய்து நாளைக்கே வேலைக்கு வரச் சொன்னார்.

அதன் பிறகு, ஸ்டேஷன் மேஜை மேல் இருந்த பதினொரு லேபிளையும் என்னிடம் ஒப்படைப்பதற்காக எண்ணிப் பார்த்தார்கள். பத்துதான் இருந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பத்து என்றே எழுதும்படி சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார், நானும் பத்து பெற்றுக்கொண்டேன்.

மேலே உள்ளது நான் சொன்னபடியே எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்தேன். அனைத்தும் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல.

(ஒப்பம்)
ந. நிர்மலா