ஐம்பதைத் தொடாத ஜூலை

கோடையில் புதினா வளர்ப்பது லேசான காரியமில்லை, ஐயா. ஒரு மதியம் தண்ணீர் காட்டாமல் விட்டால் மறுநாள் சருகுதான். இருந்தாலும் வளர்த்தேன். என் வீட்டை ஒட்டிய வானிலை நிலையத்து வெள்ளைப் பெட்டியின் அடியிலும் அதைச் சுற்றியும் பாய் விரித்ததுபோலப் படர்ந்திருந்தது.

எங்கள் ஊர் வெயிலை அளப்பது என் வேலை. பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியைப் பார்ப்பேன், கண்டதை எழுதுவேன். உங்கள் ஆட்கள் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் உண்டா என்று தேடினார்களாம். கிடைத்திருக்காது. பொய்க் கணக்கு எழுதுகிறவன் நானில்லை. அப்படி நினைத்தீர்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.

பஸ்ரா சாலைக்குத் தார் போடுகிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. என் நிலையத்தில் ஐம்பது டிகிரி காட்டினால் வேலையை நிறுத்தி, கூலியோடு வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அதற்குக் கீழே என்றால் யாரும் இடத்தைவிட்டு நகர முடியாது. அதனால் சாலைப் பொறியாளர் தினமும் மதியம் எனக்குப் போன் செய்வார்.

"அபூ இப்திஹால், இன்னைக்காவது அம்பது வந்துச்சா? பசங்க என்னைத் தின்னுருவானுங்க போலிருக்கு."

"நாப்பத்தொன்பதுதான். வேணும்னா சூரியன்கிட்ட நீங்களே பேசிப் பாருங்க."

இருவரும் சிரிப்போம். ஜூலை முழுக்க இப்படித்தான் போனது.

இப்திஹால் என் ஒரே மகள். அவள் பெயரை வைத்துத்தான் ஊரே என்னை அபூ இப்திஹால், இப்திஹாலின் அப்பா, என்று கூப்பிடுகிறது. அவள் அம்மா போன பிறகு எனக்குச் சமைத்துப் போட்டதும் சட்டைக்குப் பித்தான் தைத்ததும் அவள்தான். மைஸமைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோதுகூட நான் குறுக்கே நிற்கவில்லை. தார் போடும் கூட்டத்தில் மேஸ்திரி, நல்ல பையன். தன் அண்ணனுக்கு ஒரு சிறுநீரகத்தைக் கொடுத்தவன். நிச்சயத்தன்று அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். வெயிலில் அதிக நேரம் நிற்கக்கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருப்பதையும் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். அப்போது எனக்கு வேறு எண்ணமே இல்லை, சத்தியமாக.

தெருவைத் தாண்டினால் அவர்கள் வீடு. சாயங்காலம் வெண்டைக்காய்க் குழம்போடு வருவாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜூன் கடைசியில்தான் மைஸம் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னான்:

"மாமா, வடக்க அர்பில்ல ஒரு வேலை கெடச்சிருக்கு. இந்த ரோடு முடிஞ்சதும் கெளம்பிடறோம். நீங்களும் எங்களோட வந்துடுங்க."

பேச்சுக்குக் கூப்பிட்டான். மருமகன் வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நானில்லை. இப்திஹால் என் முகத்தைப் பார்க்காமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் குழாயடியில் கிடந்த புதினாவைப் பெயர்த்துப் பெட்டியின் அடியில் நட்டேன். விதிப்படி அந்த இடம் காய்ந்த மண்ணாகவே இருக்க வேண்டும். ஈரமும் பச்சையும் இருந்தால் மேலே இருக்கிற வெப்பமானி இரண்டு டிகிரியாவது குறைத்துக் காட்டும். இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் நான் குளிக்காமல் இருந்து அந்தத் தண்ணீரையும் ஊற்றினேன்.

மைஸமுக்கு எப்போதும் கேலிதான்.

"மாமா, உங்க பெட்டிக்குள்ள மட்டும் ஏசி ஓடுதா? தார்ல நிக்கற எங்களுக்கும் ஒண்ணு மாட்டி விடுங்களேன்."

நானும் சிரித்தேன். அவனுக்கு இன்னொரு கோப்பை ஊற்றினேன். உதடு வெடித்திருந்தது, பாவம்.

ஒரு நாள் இப்திஹால் காலையிலேயே வந்தாள்.

"பாபா, அவர் நேத்து சோத்தையே தொடல. கை காலெல்லாம் இழுக்குதுங்கறார். நெஜமாவே நாப்பத்தொன்பதுதானா?"

"மதியம் நீயே வந்து பாரும்மா."

வந்தாள், பார்த்தாள். நாற்பத்தொன்பதுதான் இருந்தது. "மன்னிச்சிடுங்க பாபா" என்று என் கையை முத்தமிட்டாள். அந்தக் கூட்டத்தில் இருந்துகொண்டு விடுப்பு கேட்டால் வேலை போய்விடும், வேலை போனால் அர்பிலுக்குப் போகக் கையில் காசு இருக்காது என்று மைஸம் பயந்தானாம். அது அவனாக எடுத்த முடிவு. அதற்கு நான் பொறுப்பில்லை.

மாதக் கடைசியில் மூன்று பேர் விழுந்தார்கள். மைஸம் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டான். ரோலர் ஓட்டியவரும், திவானியாவிலிருந்து வந்திருந்த ஒரு தொழிலாளியும் மறுநாள் போனார்கள். அந்த இருவரையும் எனக்கு முன்பின் தெரியாது. அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று மதியமும் பொறியாளர் கேட்டார், நாற்பத்தொன்பது என்றேன். மண்ணை நனைக்காமல் விட்டிருந்தால் ஐம்பத்தொன்று காட்டியிருக்கும். மைஸம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருப்பான். தெரிந்துதான் நனைத்தேன்.

இப்திஹால் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் எண் திடீரென்று ஏறிவிடுமே. அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்கவே தண்ணி இல்ல. இதுக்கு எதுக்கு ஊத்தறீங்க?"

"பழக்கமாயிடுச்சும்மா."

வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அப்புறம் தரவில்லை. மண் காயும்வரை காத்திருந்து, மதியத்தில் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு நேராக உங்களிடம் வந்தாள்.

அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, ஐயா. துக்கத்தில் இருக்கிறாள். ஆகஸ்ட் கழிந்து வெயில் தணிந்தால் அவள் மனமும் தணியும். அவள் அறையைக் கூட்டி வைத்துவிட்டுத்தான் உங்கள் வண்டியில் ஏறினேன். என்னைச் சீக்கிரம் அனுப்பி வைக்கப் பாருங்கள். இனி என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?