மாதாவின் பின்னால் ஒரு கமரா

எங்கள் வீட்டு முன்னறையில் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு விழும் வெளிச்சம் அருமையானது. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் வெளிச்சம் சும்மா கிடைக்கிற பொருள் இல்லை. அதை வீணாக்க எனக்கு மனம் வராது. நடந்ததை ஒளிக்காமல் எழுதித் தரும்படி தங்கை ஸ்ரெபானி கேட்டிருக்கிறாள். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நான் டெனிஸ்ரன். பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கல்வி, சிறப்புப் பட்டத்தின் கடைசி வருடம். வார இறுதிகளில் எங்கள் ஆட்களின் செத்தவீடுகளை நேரலையில் ஒளிபரப்பிக் கொடுத்தேன். கனடாவிலும் மன்னாரிலும் இருக்கிற சொந்தங்கள் கைபேசியில் பார்ப்பார்கள். "தம்பி, பெட்டி தெரியேல்லை, கொஞ்சம் வலப்பக்கம் விடுங்கோ" என்று செய்தி அனுப்புவார்கள். அங்கேதான் ஒன்றைக் கவனித்தேன். பெட்டியில் விழுந்து அழப்போகிறவர்கள், விழுவதற்கு முன் ஒரு கணம் கமராவைப் பார்க்கிறார்கள். பொய்யாக அழுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். முகத்தைக் கொஞ்சம் திருப்பி அழுகிறார்கள், அவ்வளவுதான்.

அதுதான் என் ஆய்வுப்படம். இருபத்துமூன்று அழுகைகள் சேர்த்தேன். என் வழிகாட்டி பிர்கிட்டே பார்த்துவிட்டு, "கமரா இருப்பது தெரியாமல் அழுகிற ஒருவர் எங்கே? ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாவிட்டால் இது வெறும் அபிப்பிராயம்" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேட வேண்டியது மாணவனின் கடமை.

அம்மாவுக்கு மன்னாரில் ஓர் அண்ணன், குருசுமுத்து மாமா. தாய் தகப்பன் இல்லாத அம்மாவை வளர்த்து, டென்மார்க்குக்கு அனுப்பிவைத்தவர். அம்மாவுக்கு அவரைவிடப் பெரிய ஆள் உலகத்தில் இல்லை. ஆகவே யாரைத் தேர்ந்தெடுப்பது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, கண்ணாடி அலுமாரியில் மடுமாதா சுரூபத்துக்குப் பின்னால் கமராவை வைத்தேன். அம்மா வெங்காயம் வெட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். ஆய்வுக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. அவர் சோபாவில் வந்து இருந்ததும், கைபேசியோடு வாசலில் நின்று, சாவுச் செய்தி சொல்கிற குரலில் சொன்னேன்: "அம்மா, குருசு மாமா மோசம் போயிட்டாராம்."

பதினொரு விநாடிகள் என் முகத்தையே பார்த்தார். பிறகு சோபாவிலிருந்து வழுக்கி நிலத்தில் இருந்தார். "சாப்பிட்டவரோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு வந்த சத்தத்தை நான் எந்தச் செத்தவீட்டிலும் கேட்டதில்லை. நான்கு நிமிடம் விட்டு, "பொறுங்கோ அம்மா, அது வேறை ஒரு குருசுமுத்துவாம்" என்றேன். அம்மா எனக்கு அடித்தார், கொஞ்சினார், பிறகு மன்னாருக்குத் தொலைபேசி எடுத்து, உயிரோடு இருந்ததற்காக மாமாவைக் கால் மணி நேரம் ஏசினார். அன்றைக்கு வீட்டில் பாயாசம்.

பின்னேரம் பதிவைப் போட்டுப் பார்த்தால் ஃபோகஸ் பிழைத்துவிட்டது. மாதா துல்லியமாக இருந்தார், அம்மா மங்கலாக இருந்தார்.

ஆகவே மாமா ஏப்ரலில் இன்னொரு தடவை இறக்க வேண்டியிருந்தது. அம்மா நம்புவாரோ என்று எனக்குச் சின்னக் கவலை. நம்பினார். நான் சொல்லி அம்மா நம்பாமல் விட்ட ஒன்று இருந்ததில்லை. படம் எடுப்பதற்கான சம்மதப் படிவமும் அப்படித்தான். புதுக் கைபேசி இணைப்புக்கான கடதாசிகளோடு சேர்த்து நீட்டினேன், வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். சட்டப்படி எல்லாம் சரி.

ஜூனில் வாய்மொழிப் பரீட்சை. இங்கே வீட்டாரும் வந்து இருக்கலாம். அம்மா பட்டுச்சேலையும் கையில் சின்ன டேனிஷ் கொடியுமாக வந்தார். திரையில் தன்னைப் பார்த்தார். எனக்குப் பன்னிரண்டு கிடைத்தது. இந்த நாட்டில் அதற்கு மேல் புள்ளி இல்லை. திரும்பி வரும் ரயிலில் அம்மா கேட்டார்.

"அப்ப ரெண்டு தரமும் நீ பாத்துக்கொண்டு நிண்டனியோ?"

"ஓம் அம்மா."

"வந்து என்னைப் பிடிச்சிருக்கலாம்தானே?"

"கமராப் பிறேமுக்குள்ளை வந்திருப்பன், அம்மா."

தலையாட்டினார். விளங்கிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

செப்டெம்பரில் மாமா உண்மையாகவே மோசம் போனார். மாமி அழுதபடி தொலைபேசி எடுத்தார். நான் போய்ச் சொன்னபோது அம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். எழுந்து, தலையைக் கையால் கோதிச் சரிசெய்து, சோபாவில் வெளிச்சம் விழுகிற பக்கமாக இருந்து, மாதாவை நோக்கி முகத்தைக் கொஞ்சம் திருப்பினார்.

"சரி, தொடங்கு" என்றார்.

"இல்லை அம்மா, இது உண்மை."

"ஓம், ஓம். போன முறையும் உண்மைதானே."

செத்தவீட்டை நேரலையில் இருவரும் பார்த்தோம். அம்மா தேத்தண்ணி குடித்தபடி பார்த்தார். பெட்டியை மூடும்போது, "அண்ணை நல்லா நடிக்கிறார்" என்றார். இன்று வரை அவர் அழவில்லை. வேலைக்குப் போகிறார், பூசைக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமிக்குத் தொலைபேசி எடுத்து, "விளையாடினது போதும், அண்ணையிட்டைக் குடுங்கோ" என்கிறார். மாமி இப்போது எங்கள் இலக்கத்தைக் கண்டால் எடுப்பதில்லை.

அம்மாவின் அழுகையை நான் களவெடுத்துவிட்டேன் என்கிறாள் ஸ்ரெபானி. அவள் எதையும் பெருப்பிப்பவள். அம்மா என்றைக்கோ ஒருநாள் நம்பத்தான் போகிறார். அந்த நேரத்தில் அவரைத் தனியே விடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதனால்தான் கமராவை இன்னும் மாதாவின் பின்னாலிருந்து எடுக்கவில்லை. இந்த முறை ஃபோகஸ் சரியாக இருக்கிறது.