காதுக்குள் போகும் பாம்பு

கொக்கட்டிச்சோலையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ். நின்றவர்கள் பத்தொன்பது பேர். அதில் மூவர் கதவுப்படியில் நின்றது எனக்குப் பிடிக்கவில்லை. முன் இருக்கையில் ஒரு வயல்காரரும் அவர் மனைவியும். பாலத்தில் ஏறும்போது மனைவி அவர் தோளைத் தட்டினார்.

“அந்தப் பஞ்சக் காதால எடுங்க. பஸ்ஸுக்க பாம்பு வராது.”

அவர் ஒரு காதிலிருந்து மட்டும் பஞ்சை எடுத்தார்.

“உனக்கென்ன புள்ள? வயல் காவல் வாடிக் குடிலுக்க நிலத்தில படுக்கிறது நான். அந்தக் குருட்டுப் பாம்பு வைக்கலுக்குக் கீழதான் கிடக்கு. மண்புழு போல இரிக்கும். காதுக்க பூந்திரும்.”

“கண் இல்லாததுக்கு உங்கட காது என்னண்டு தெரியும்?”

“தடவித் தடவிப் போகும்.”

“அது எறும்பு முட்டை தின்ன மண்ணுக்க திரியிற சீவன். பூச்சட்டியக் கவிழ்த்தாலும் வரும். நான் கையால எடுத்து எறிஞ்சிருக்கன். பஞ்சோட படுத்ததால, பக்கத்து வாடிக்காரன் வெடி கொளுத்திக் கத்தியும் நீங்க எழும்பல்ல. விளைஞ்ச வயல்ல பாதிய ஆனை மிதிச்சிட்டு.”

“மத்தப் பாதி இரிக்குதானே.”

“அதுக்குத்தான் இண்டைக்கு நானும் காவலுக்கு வாறன்.”



“சரி, வா. பஞ்ச வெச்சிட்டு நான் படுக்கன். ஆனை வந்தா எழுப்பு.”

“ஆனையே எழுப்பாத ஆள நான் என்னண்டு எழுப்புற?”

பின் இருக்கையில் யாரோ சிரித்தார்கள். அவர் மற்றக் காதின் பஞ்சையும் எடுத்து யன்னலுக்கு வெளியே போட்டார்.