மழையில் காட்டும் காணி

மலையேறும் ஹாலிஎல பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு காணித் தரகரும், காணி விற்க வந்த ஒருவரும் இருந்தார்கள்.

“மழை பெய்யிற அன்னைக்குத்தான் ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டுவேன்,” என்றார் தரகர்.

“மழையில பார்த்துட்டு எவன் வாங்குவான்? வெயில்லயே காட்டுங்க. மகன் வெளிநாடு போகணும்.”

“மேல் பக்கம் நிலம் வெடிச்சிருக்கேண்ணே. மழைத் தண்ணி அதுக்குள்ள இறங்குறதை வாங்குறவன் பாக்கணும்.”

“புல்லு மூடிருச்சு. யாருக்குத் தெரியும்?”

“வாங்குறவன் தோட்டத்து லய வீட்டை விட்டுப் புள்ளகுட்டியோட வர்றவன்.”

“இப்படிப் பேசியா பெரிய தரகரானீங்க?”

“இப்படிப் பேசித்தான். நான் வாங்கிக் குடுத்த எடத்துல நிம்மதியாத் தூங்குறவங்கதான் அடுத்த ஆளை அனுப்புறாங்க.”

விற்பவர் தரகர் பக்கம் திரும்பினார். “சரி, வெடிச்ச மேல் பக்கம் எனக்கே இருக்கட்டும். கீழ் பக்கத்தை வித்துருங்க.”

“கீழதாண்ணே மண்ணு வந்து விழும்.”

விற்பவர் முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“எங்க வீடு அதுக்கும் கீழதானே இருக்கு,” என்றார்.