சொல்லாத கட்டம்

போன் விற்கிறவன் முதலில் கற்றுக்கொள்வது, வாங்க வந்தவன் கையில் பொருளைக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பதைத்தான். அவசரப்பட்டால் பேரம் கெட்டுவிடும். அதனால் ஆறுதலாகவே சொல்கிறேன், சேர். லயத்துச் செபமாலை இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து உங்களிடம் சொன்னது உண்மை. அவர் சுவரைத் தட்டினார். எனக்குக் கேட்டது.

ஆனால் அதை மட்டும் எழுதிக்கொண்டால் விஷயம் உங்களுக்கு விளங்காது.

என் அப்பா ஹட்டன் சந்தையில் மரக்கறி முதலாளி. எந்த மனிதனுக்கும் ஒரு விலை உண்டு, அதை அவன் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் வியாபாரம் என்பார். தலவாக்கலையில் நான் கடை போட்ட பிறகும் அந்தப் பாடம் என்னைக் கைவிடவில்லை, முத்துலிங்கத்திடம் போகும் வரை.

அவருடைய காம்பரா, தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசையில் கடைசி வீடு. புதிதாகப் போட்ட ரோடு அதன் வாசலில்தான் திரும்புகிறது. இன்னொரு கடை போட அதைவிட நல்ல முனை அந்த மலையில் கிடையாது. தோட்டத்துக்குச் சொந்தமான காம்பராதான், விற்க முடியாது, இருந்தாலும் சத்தமில்லாமல் கைமாறுவது உங்களுக்கும் தெரிந்ததே. பலமுறை போய்க் கேட்டேன். அநியாய விலை சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அவர் விலையே சொல்லவில்லை.

“வேற ஏதாச்சும் பேசுவோம் முதலாளி. தேத்தண்ணி ஆறுது, குடிங்க,” என்பார்.

ஒருநாள் உள்ளேயிருந்து அவர் மனைவி லெட்சுமி சொன்னாள்: “சும்மா குடுக்கிறத எப்பிடிக் குடிக்கிறதுன்னு அவருக்குத் தெரியாதுங்க. ஒரு வெலையச் சொல்லுங்க, கொறைச்சுக் கேட்டுக் குடிப்பாரு.”

நானும் சிரித்தேன். நல்ல பகிடி. லயம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கூட.

அந்தச் சமயத்தில்தான், கடைக்கு வந்த பழைய போன் ஒன்றில் அந்தச் செயலி கிடைத்தது. திரை முழுக்கக் கட்டங்கள். சில எரியும், சில அணையும். எது எரியும், எது அணையும் என்பதைப் பக்கத்துக் கட்டங்கள்தான் தீர்மானிக்கும். தூரத்தில் நடப்பது எந்தக் கட்டத்துக்கும் தெரியாது. விதியை நாமே மாற்றலாம். மாற்றிவிட்டு ஓட விட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். ஆள் வராத நேரங்களில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த லயத்தை அதில் வரைந்தேன். ஒரே வரிசை, காம்பராவுக்கு ஒரு கட்டம்.

லயத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மழை தகரத்தில் அடிக்கும்போது கத்தினால் அடுத்த காம்பராவுக்குக் கேட்காது. மேல் முனையில் இருப்பவர்கள் வடிகானில் செம்மண் தண்ணீரைக் கண்டால், மலை சரியப் போகிறது என்று நடுச்சுவரைப் படபடவென்று தட்டுவார்கள். அடுத்த காம்பராக்காரர் தன் மறுபக்கச் சுவரைத் தட்டுவார். தட்டியதும் அவரவர் கடமை முடிந்தது, பிள்ளை குட்டியோடு கோயில் பக்கம் ஓட வேண்டியதுதான்.

செயலியில் ஒரு கட்டத்தை அணைத்துப் பார்த்தேன். சேதி அங்கேயே நின்றது. ஆனால் மனிதர்கள் கொஞ்சம் கெட்டிக்காரர்கள். பக்கத்துக் காம்பரா காலி என்று தெரிந்தால் செபமாலை ஓடிப்போய் முத்துலிங்கத்தின் கதவையே இடிப்பார். ஆகவே விதியை மாற்றினேன். எரிந்துகொண்டே இருக்கும், சேதியை வாங்கிக்கொள்ளும், கொடுக்காது. அப்படி ஒரு கட்டம். வரிசை அழகாக அறுந்தது.

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தவள் மீனம்மா. கந்தப்பளையில் மகளோடு போய் இருக்க அவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. லொறி பிடித்துக் கொடுத்தேன். அழுதுகொண்டே கும்பிட்டாள். அவள் காம்பராவைக் கடைச் சாமான் வைக்க எடுத்துக்கொண்டேன். மண்சரிவு எச்சரிக்கை வரும் நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு அங்கே போய் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாசலில் என் முச்சக்கர வண்டி நிற்கும். மழையில் துணைக்கு வந்து இருக்கிறார் என்று சனங்கள் என்னை மெச்சினார்கள்.

மலை சரிந்தால் கடை போட முனை மிஞ்சாது என்று எனக்குத் தெரியாதா என்பீர்கள். தெரியும். அதற்குள் அது கடை விஷயமாக இல்லை.

மண் சரிந்த அந்தப் பிற்பகல் செபமாலை தட்டினார். நான் கதவிடுக்கில் பார்த்தேன். அவருடைய மகள் அனோஜா முத்துலிங்கத்தின் வாசல் பக்கம் திரும்பினாள். அவர் அவள் கையைப் பிடித்து இழுத்தது என் கதவுக்கு நேரே.

“முதலாளி உள்ள இருக்காருடி, சொல்லிருவாரு. நீ ஓடு.”

நான் மறுபக்கச் சுவரைத் தட்டவில்லை. மலையை நான் தள்ளவில்லை, சேர், மழையையும் நான் அழைக்கவில்லை. செய்யாமல் விட்டதற்குச் சட்டத்தில் என்ன பெயரோ, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த முனை முத்துலிங்கத்தோடும் லெட்சுமியோடும் மண்ணுக்குள் போய்விட்டது. எனக்கும் இதில் லாபமில்லை.

செபமாலைக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. எல்லோரும் ஓடிய பிறகு, அந்தப் பக்கச் சுவரிலிருந்து லெட்சுமி விட்டுவிட்டுத் தட்டினாள். சந்தேகம் வந்தால் அப்படித்தான் கேட்பார்கள், ஏதும் ஆபத்தா என்று. பதிலுக்கு ஒரே ஒரு தட்டு தட்டினால் ஒன்றுமில்லை, பேசாமல் இருங்கள் என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கிற ஆள் நான் இல்லை, சேர். ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் கிளம்பினேன்.